வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்

ஆண்டு விழாவுக்கு இன்னும் மூன்று வாரங்களே இருந்தன. நாடகம் நடத்தும் பொறுப்பு, வழக்கம் போல், நம் தலையில் வந்து விழுந்தது. பையன்கள் நால்வர் ஒரு நீண்ட ஜாபிதாவுடன் வந்து நின்றார்கள். அரண்மனைத் திரை ஒன்று, காட்டுத் திரை ஒன்று, பல வர்ண விளக்குகள் ஒரு டஜன், புகை உண்டாக்கும் யந்திரம் ஒன்று, இன்னும் என்னவெல்லாமோ அதில் கண்டிருந்தன. கூட்டிப் பார்த்தால், விழாவுக்கென்று ஒதுக்கியிருந்த தொகையைப் போல் ஒன்பது மடங்கு ஆயிற்று. "இவ்வளவும் இல்லாவிட்டால் பேய் வருகிற காட்சியை எடுத்துவிட வேண்டியதுதான், ஸார்!" என்று அவர்களில் மூத்தவன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான்.

உபாத்தியாயர்களுக்கே உரிய வழக்கப்படி நாம் ஒரு பழமொழியை எடுத்து வீசினோம். "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், அப்பா!" என்றோம். பையன் சிறிதும் தயங்கவில்லை. "அப்படிப் புல்லை வைத்துக்கொண்டு ஜயித்தவர் யார், ஸார்? ஒரு பெயர் சொல்லுங்கள்" என்றான்.

நியாயமான கேள்விதான். பழமொழி சொல்கிறவர்களிடம் உதாரணம் கேட்டால் அநேகமாக விழிக்கத்தான் வேண்டியிருக்கும். நாமும் சற்று விழித்தோம். பிறகு, இத்தாலி தேசத்து சினிமா டைரக்டர் ஒருவருடைய ஞாபகம் வந்தது. அவர் பெயர் மாரியோ பாவா. பையன்களுக்கு அன்று சுருக்கமாகச் சொன்ன அவர் கதையை, நேயர்களுக்கு இந்த வாரம் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். கதையில் ஜயம் உண்டு. ஆனால் பழமொழி சொல்லாமல் மறைக்கிற ஒரு விஷயமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நம் மனம் கேளாது.

இத்தாலிய சினிமா என்றதும் விஷயம் தெரிந்த ரஸிகர்கள் ரோஸ்ஸெலினி, டி ஸீகா, பெல்லினி, விஸ்கோண்டி என்று வரிசையாகப் பெயர்களை அடுக்குவார்கள். பாவாவின் பெயர் அந்த வரிசையில் வெகு காலம் வரையில் வந்ததில்லை. ஏனென்றால், அவர் எடுத்தவையெல்லாம் படித்தவர்கள் முகத்தைச் சுளித்து ஒதுக்கிய ரகத்தைச் சேர்ந்தவை. பேய்க் கதை, கொலைக் கதை, ஹெர்குலிஸ் கதை, வடதேசத்துக் கடல் வீரர் கதை, அமெரிக்கக் குதிரை வீரர் கதை, விண்வெளிக் கதை, ஹாஸ்யக் கதை: இப்படி, முதலாளி எதைக் கேட்டாரோ அதை எடுத்துக் கொடுத்தார். கடையில் வந்து நிற்பவர் எதைக் கேட்டாலும் முகம் கோணாமல் நிறுத்துக் கொடுக்கிற வியாபாரியைப் போலத்தான் அவரை உலகம் நினைத்தது. அவரும் தம்மை அப்படியே நினைத்துக்கொண்டார் என்பதுதான் இதில் வேடிக்கை, வருத்தமும் அதுவே.

மாரியோ பாவா 1914-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில், கடற்கரைப் பட்டணமாகிய ஸான் ரேமோவில் பிறந்தார். தகப்பனார் யூஜேனியோ பாவா ஒரு சிற்பி. சினிமா என்னும் புது வித்தை பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அதனிடம் மனத்தைப் பறிகொடுத்து, உளியை வைத்துவிட்டுக் காமிராவைப் பிடித்தவர். பாவா பிறந்த அதே 1914-ல் வெளியாகி உலகத்தையே பிரமிக்கச் செய்த 'கபீரியா' என்னும் பிரம்மாண்டமான மௌனப் படத்தில், தந்திரக் காட்சிகளுக்கு உதவி செய்தவர்களில் யூஜேனியோவும் ஒருவர். ஆகவே பிள்ளை வளர்ந்த வீட்டில் களிமண்ணும், வர்ணமும், கண்ணாடியும், பிலிம் சுருளும், ரஸாயன திராவகங்களும் எங்கும் இறைந்து கிடந்தன. மற்றக் குழந்தைகள் பொம்மையை வைத்துக்கொண்டு விளையாடின. இந்தக் குழந்தை பொம்மை செய்கிற சாமான்களை வைத்துக்கொண்டு விளையாடிற்று.

பிள்ளைக்குச் சித்திரக்காரனாக வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் சித்திரம் சோறு போடவில்லை. ரோமாபுரியில் அரசாங்க ஆதரவில் நடந்த 'லூச்சே' என்னும் படநிலையத்தில் தந்திரக் காட்சிப் பகுதியைத் தகப்பனார் கவனித்து வந்தார். பிள்ளையும் அங்கே அவரிடமே தொழில் பழகினார். 1939-ல் ராபர்ட்டோ ரோஸ்ஸெலினி எடுத்த சில சிறு படங்களுக்குக் காமிரா பிடித்தார். பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் பிறர் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்வதே வேலை. ஹாஸ்ய நடிகர் தோத்தோ நடித்து 1951-ல் வெளிவந்த 'போலீஸாரும் திருடர்களும்' படத்துக்குக் காமிரா பிடித்தவர் பாவாதான். ஜீனா லொல்லோபிரிஜிடாவை அழகு சொட்டச் சொட்டப் படம் பிடித்துக் காட்டியவர்களிலும் அவர் ஒருவர். விளம்பரத்தில் நடிகையின் பெயர் முழ அளவில் இருக்கும். காமிராக்காரர் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

இனி, அவருடைய சாமர்த்தியம் முதன் முதலில் வெளிப்பட்ட சம்பவத்துக்கு வருவோம். 1957-ல் ரிக்கார்டோ பிரேடா என்னும் டைரக்டர், 'இரத்தக் காட்டேரிகள்' என்று ஒரு படம் எடுத்தார். பேசும் படம் வந்த பிறகு இத்தாலியில் எடுக்கப்பட்ட முதல் பயங்கரப் படம் அது என்பார்கள். பன்னிரண்டு நாளில் முடித்துவிடுவதாகப் பேச்சு. பத்து நாள் ஆனதும் முதலாளிகளுக்கும் பிரேடாவுக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டு, அவர் வெளியேறிவிட்டார். மிச்சம் இருந்தது இரண்டே நாள். காமிராக்காரராக வந்த பாவா, டைரக்டர் நாற்காலியிலும் உட்கார்ந்து, அந்த இரண்டு நாளில் படத்தை முடித்துக் கொடுத்துவிட்டார்.

அந்தப் படத்தில் ஓர் அற்புதமான காட்சி இருக்கிறது. அழகிய சீமாட்டி ஒருத்தி, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முகம் சுருங்கி, கண் குழிந்து, கிழவியாகிவிடுகிறாள். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. இது எப்படிச் சாத்தியம்? விஷயம் மிகவும் எளிது. நடிகையின் முகத்தில் சுருக்கங்களைச் சிவப்பு வர்ணத்தால் எழுதிவிடுகிறார்கள். சிவப்பு வெளிச்சம் விழும்போது சிவப்புக் கோடு தெரியாது. முகம் பளிங்கு போல் இருக்கும். விளக்கின் முன்னாலுள்ள சிவப்புக் கண்ணாடியை மெதுவாக நகர்த்தி நீலக் கண்ணாடியைக் கொண்டு வந்தால், மறைந்திருந்த கோடுகளெல்லாம் கறுத்துக் கிளம்பிவிடும். படமோ கறுப்பு வெள்ளை. ஆகையால் வர்ணம் மாறியது யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் 1931-லேயே 'ஜெகில்–ஹைட்' கதைக்கு இந்த உபாயத்தைக் கையாண்டிருக்கிறார்கள். ஆகவே பாவா இதைக் கண்டுபிடித்தார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வர்ணக் கண்ணாடிகளைக் கொண்டு என்ன சாதிக்கலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். பெரிய ஸ்டூடியோவில் ஒரு மாதம் யோசித்துச் செய்ததை, நாள் நெருக்கடியில் செய்து முடிக்கவும் அவரால் முடிந்தது.

இந்தப் படம் ஓடியபோது நடந்த ஒரு சம்பவத்தைப் பிரேடா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஸான் ரேமோ பட்டணத்தில், ஆம், பாவா பிறந்த அதே ஊரில், ஒரு கொட்டகை வாசலில் அவர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாராம். ஜனங்கள் ஆவலுடன் விளம்பரத்தைப் பார்க்கிறார்கள். உள்ளே நுழையப் போகிறார்கள். கடைசியில் டைரக்டர் பெயரைப் படிக்கிறார்கள். 'அடடா, இத்தாலியன் எடுத்த படமா?' என்று திரும்பிப் போய்விடுகிறார்கள்! இத்தகைய படங்களை எடுக்க வெளிநாட்டானுக்குத்தான் தெரியும் என்பது அவர்களுடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

இதன் பலன் என்ன தெரியுமா? இத்தாலிய டைரக்டர்கள் இங்கிலீஷ் பெயர் சூட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பிரேடா 'ராபர்ட் ஹாம்ப்டன்' ஆனார். ஆன்டோனியோ மார்கெரிட்டி 'ஆன்டனி டாஸன்' ஆனார். ஸெர்ஜியோ லியோனி 1964-ல் தம் முதல் குதிரை வீரர் படத்தை 'பாப் ராபர்ட்ஸன்' என்ற பெயரில் வெளியிட்டார். நம் பாவாவும் 1963-ல் ஒரு படத்துக்கு 'ஜான் எம். ஓல்டு' என்று கையெழுத்துப் போட்டார். மைக்கேலாஞ்சலோவும் டா வின்சியும் பிறந்த தேசத்தில், சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு சொந்த ஜனங்களிடம் சரக்கை விற்க முடியவில்லை! சொந்த வீட்டுக்காரனின் கைத்திறமையை நம்பாமல், அதே சாமானை அயலான் முத்திரை போட்டுக் கொண்டு வந்தால் மாத்திரம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மனோபாவம் எந்த ஒரு தேசத்துக்கும் தனி உரிமை அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. இந்த வியாதி எந்த ஊரில் இருந்தாலும், அதற்குப் பலியாகிறவன் முதலில் தொழிலாளிதான். அவன் உழைப்பு மட்டுமல்ல, அவன் பெயரும் போய்விடுகிறது.

அடுத்தபடியாக ஹெர்குலிஸ் யுகம் வந்தது. 1958-ல் ஸ்டீவ் ரீவ்ஸ் என்ற அமெரிக்கப் பயில்வானை வைத்து இத்தாலியர் எடுத்த ஹெர்குலிஸ் படம், கடல் கடந்தும் பணத்தை வாரிக் கொட்டிற்று. அதற்கு ஒளிப்பதிவு பாவா. மறு வருஷம் 'மாரத்தான் வீரன்' என்ற படத்தை எடுத்துக்கொண்டிருந்த ஜாக் தூர்நர், ஒப்பந்த நாள் முடிந்ததும் புறப்பட்டுப் போய்விட்டார். மிச்சத்தை முடித்தவர் யார் என்று நேயர்கள் ஊகித்திருப்பார்கள். இப்படிப் பிறர் பாதியில் விட்ட இலையில் பரிமாறியே காலம் தள்ளியவருக்கு, 'கலாத்தேயா' கம்பெனியார் கடைசியில் நன்றி தெரிவிக்க முன்வந்தார்கள். "உமக்குப் பிடித்த கதையை எடுத்துக்கொள்ளும், நீரே டைரக்டர்" என்றார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்தைக் கடந்துவிட்டது. நம் போன்ற நடு வயதுக்காரர்கள் இந்த இடத்தில் சற்று நின்று ஆறுதல் பெறலாம்.

அவர் தேர்ந்தெடுத்தது ருஷிய ஆசிரியர் கோகோலின் 'வீய்' என்னும் பேய்க் கதை. அதைத் தழுவி 1960-ல் 'பிசாசின் முகமூடி' வெளிவந்தது. கதாநாயகி பார்பரா ஸ்டீல் என்ற இளம் ஆங்கில நடிகை. சூனியக்காரி என்று தீர்ப்புச் சொல்லப்பட்டு, உள்ளே முட்கள் பதித்த முகமூடியை அறைந்து கொல்லப்பட்டவள், இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு எழுந்து வந்து பழி வாங்குகிறாள். படம் முழுவதும் மூடுபனியும் பட்ட மரங்களும் இடிந்த மண்டபங்களும். ஆனால் ஒவ்வொரு காட்சியும் செப்புத் தகட்டில் செதுக்கிய சித்திரம் போல் இருக்கிறது. வெளிச்சத்தைப் பாவா துணியால் வடிகட்டுவது போல் வடிகட்டியிருக்கிறார். இத்தாலியில் படம் பிரமாதமாக ஓடவில்லை. அமெரிக்காவில் மறு வருஷம் அமோகமாக ஓடிற்று. இங்கிலாந்திலோ தணிக்கையாளர் பயந்து போய்த் தடுத்துவிட்டார்கள். 1968 வரையில் அங்கே காட்ட முடியவில்லை. அமெரிக்கப் பிரதியில் சங்கீதத்தையே மாற்றி வேறொருவரைக் கொண்டு போடச் செய்தார்கள். பாவாவின் பிள்ளைக்கு அயலார் மொட்டையடித்துப் பெயர் வைக்கும் வழக்கம் இங்கேதான் ஆரம்பம்.

இனி வந்த பத்து வருஷத்தில் அவர் எடுத்த படங்களின் ஜாபிதாவைப் பார்த்தால் தலை சுற்றும். காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். இத்தாலியப் படமுதலாளிகள் 'பிலோனே' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். சுரங்கத்திலே ஓடும் உலோக ரேகைக்கு அந்தப் பெயர். ஒரு ரகப் படம் பணம் கொடுத்தால், ரேகையைக் கண்டுவிட்டதாக அர்த்தம். உடனே எல்லாரும் அங்கேயே தோண்டுவார்கள். ரேகை வற்றினதும் வேறு பக்கம் ஓடுவார்கள். ஹெர்குலிஸ் ரேகை வற்றியதும் குதிரை வீரர் ரேகை. அதற்குப் பிறகு கொலைக் கதை ரேகை. பாவா எல்லாச் சுரங்கத்திலும் இறங்கினார். 1961-ல் ஹெர்குலிஸைப் பாதாள லோகத்துக்கு அனுப்பினார்; வில்லனாகக் கிறிஸ்டபர் லீ. அதே வருஷம் கடல் வீரர் கதை. 1963-ல் 'அளவுக்கு மேல் அறிந்த பெண்'. 1964-ல் 'கொலைகாரனுக்கு ஆறு பெண்கள்'. அதே 1964-ல் ஒரு குதிரை வீரர் படம். 1965-ல் விண்வெளிப் படம். 1966-ல் மறுபடியும் கடல் வீரர், மறுபடியும் பேய், நடுவே ஒரு ஹாஸ்யப் படம்.

இவற்றில் 1963-ம் வருஷத்துக் கொலைக் கதைக்கு ஒரு விசேஷம் உண்டு. இத்தாலியில் 1929 முதல் மொண்டடோரி என்ற பிரசுரகர்த்தர்கள் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டை போட்டு வெளியிட்டு வந்தார்கள். மஞ்சளுக்கு அவர்கள் பாஷையில் 'ஜால்லோ' என்று பெயர். நாளடைவில் கொலைக் கதைக்கே 'ஜால்லோ' என்று பெயராகிவிட்டது. அந்த ரகத்தைத் திரைக்குக் கொண்டுவந்து, அதற்கு ஓர் அங்க லக்ஷணத்தை வகுத்துக் கொடுத்த முதல் டைரக்டர் பாவா என்று இன்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ரேகையைப் பின்பற்றி ஓடியவர் என்று நினைத்த மனிதர், உண்மையில் ரேகையைக் கண்டு காட்டியவர்! அதில் வந்த பொன்னை எடுத்தவர்கள் பின்னால் வந்தவர்களே.

இப்போது புல்லைப் பற்றிச் சொல்வோம். பாவாவின் தலையாய ஆயுதம் ஒரு கண்ணாடிப் பலகை. மலை உச்சியில் ஒரு கோட்டை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை கட்டப் பணம் ஏது? காமிராவுக்கு முன்னால் கண்ணாடியை நிறுத்தி, அதன் மேற்பாதியில் கோட்டையை வர்ணத்தால் எழுதிவிடுவார். அல்லது பத்திரிகையில் வந்த படம் ஒன்றைக் கத்தரித்து ஒட்டிவிடுவார். கீழ்ப்பாதிக் கண்ணாடி வெறுமையாக இருக்கும். அதன் வழியாகத் தூரத்தில் குதிரைகள் ஓடும். காமிராவின் ஒற்றைக் கண்ணுக்குத் தூரமும் அண்மையும் ஒன்றுதான். கோட்டையும் குதிரையும் ஒரே மலையில் இருப்பதாகவே திரையில் தெரியும். மேலை நாட்டார் ஆதிகாலம் முதல் அறிந்த வித்தைதான் இது. ஆனால் சித்திரக்காரனாக ஆசைப்பட்ட கை எழுதியபோது, அது வித்தையாகத் தெரியவில்லை, உலகமாகத் தெரிந்தது. சித்திரம் சோறு போடவில்லை என்று முன்னால் சொன்னோமல்லவா? அது தப்பு, வேறு வாசல் வழியாக வந்து போட்டது.

'விண்வெளியில் திகில்' என்ற 1965-ம் வருஷத்துப் படத்தில் ஒரு கிரகம் முழுவதையும் காட்ட வேண்டியிருந்தது. பழைய புராணப் படத்தில் உபயோகித்து மூலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் பாறைகள் இரண்டே இரண்டுதான் கையில் கிடைத்தன என்று அவரே சொல்லுவார். கண்ணாடிகளை வைத்துப் பாறையைப் பெருக்கினார். புகையைப் பரப்பித் தரையை மறைத்தார். சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் போட்டார். கிரகம் பிறந்துவிட்டது. 1979-ல் ஹாலிவுட்டார் ஏராளமாகச் செலவு செய்து எடுத்த 'ஏலியன்' என்னும் பிரசித்தமான படத்தைப் பார்த்தவர்கள், பாழடைந்த அந்நிய விமானமும் அதற்குள் கிடக்கும் ராக்ஷஸ எலும்புக்கூடும் பாவாவின் படத்தில் முன்பே வந்தவை என்பதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை. கொலைப் படத்தில் காமிராவை நகர்த்தத் தண்டவாள வண்டி இல்லாமல், குழந்தைகள் இழுத்து விளையாடும் வண்டியின் மேல் அதை வைத்து இழுத்தார்கள் என்று நடிகர் கேமரான் மிட்செல் சொல்லியிருக்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள்; பாவாவுக்குக் கூடமே கிடையாது, ஆனாலும் ஆட்டம் நடந்தது.

இந்த விஷயத்தில் அவருக்கு ஒளிவு மறைவும் இல்லை. 1963-ல் வந்த 'பயத்தின் மூன்று முகங்கள்' படத்தின் இத்தாலியப் பிரதியில், முடிவில் கிழ நடிகர் போரிஸ் கார்லாப் குதிரைமேல் காட்டு வழியே பறந்துகொண்டு நம்மிடம் விடை பெறுகிறார். காமிரா மெல்லப் பின்வாங்குகிறது. குதிரை பொம்மைக் குதிரை! ஸ்டூடியோ ஆட்கள் மரக்கிளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பயந்து போயிருந்த சபை கொல்லென்று சிரிக்கிறது. குழந்தையைப் பயமுறுத்திவிட்டு, 'இதோ பார், வெறும் துணிதான்' என்று காட்டிச் சிரிக்க வைக்கும் பாட்டியின் மனம் அது. அமெரிக்க வியாபாரிகள் இந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். அவர்கள் அந்தப் படத்துக்கு வைத்த 'பிளாக் ஸப்பாத்' என்ற பெயரைத்தான் 1969-ல் பர்மிங்ஹாம் நகரத்து இளம் பாட்டுக் கோஷ்டி ஒன்று தனக்குச் சூட்டிக்கொண்டு உலகப் பிரசித்தி அடைந்தது.

1966-ல் 'பயத்தின் திட்டம்' என்ற பேய்ப் படத்தைக் கால்காட்டா என்னும் மலைக் கிராமத்தில் எடுத்துக்கொண்டிருந்தபோது, முதலாளிகளிடம் பணம் தீர்ந்துவிட்டது. ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை. சம்பளம் இல்லாமலே வேலை செய்து படத்தை முடித்துக் கொடுத்தார்கள். ஒரு மனிதரிடம் கூட வேலை செய்கிறவர்களுக்கு இருந்த அபிமானத்துக்கு இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் எந்தச் சர்வகலாசாலையும் கொடுக்க முடியாது. பந்து ஒன்றுடன் ஜன்னலில் வந்து நிற்கும் வெண்ணிற உடைச் சிறுமியின் ஆவிதான் அந்தப் படத்தின் உயிர்நிலை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு பெல்லினி ஒரு படத்தில் பிசாசையே பந்துடன் வரும் சிறுமியாகக் காட்டினார். பெரியவர் செய்ததால் அது கலை என்று பேசப்பட்டது.

ஒரே ஒரு தடவை பாவாவுக்குப் பெரும் பணம் கிடைத்தது. ஜியுஸ்ஸானி சகோதரிகள் என்னும் இரு பெண்மணிகள் 1962-ல் ஆரம்பித்த 'டயபாலிக்' என்ற திருடன் சித்திரக் கதையை, டீனோ டெ லாரென்டிஸ் படமாக்க விரும்பி, பாவாவிடம் ஒப்படைத்தார். 1968-ல் படம் வெளிவந்தது. பூமிக்கு அடியில் இருக்கும் திருடன் மாளிகையைப் பார்த்து ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். அதில் பெரும்பகுதி வழக்கமான கண்ணாடிச் சித்திரம்! கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைத்தான் பாவா செலவிட்டார். மேற்கொண்டு இன்னொரு டயபாலிக் எடுக்கச் சொன்னபோது மறுத்துவிட்டார். வீட்டு வாசலில் தங்கப் பல்லக்கு வந்து நின்றாலும், பழகிய மாட்டு வண்டிதான் சௌகரியம் என்கிற மனிதர்கள் உண்டல்லவா?

குறையையும் சொல்ல வேண்டும். பாவாவின் படங்கள் எல்லாம் குடும்பத்துடன் உட்கார்ந்து பார்க்கத் தக்கவை அல்ல. 1971-ல் அவர் எடுத்த ஒரு படத்தில் பதின்மூன்று கொலைகள். கொலையைக் கொலையாக அருவருக்கச் செய்யாமல், பட்டுத் துணியை விரித்துக் காட்டுவது போல் அழகாகக் காட்டுவது தர்மமா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. அழகிய வெளிச்சத்தில் பெண்கள் சாகிற காட்சி, அழகாயிருப்பதனாலேயே நமக்கு அதிக வேதனை தருகிறது. பின்னால் வந்த அமெரிக்கப் படக்காரர்கள் அந்தப் படத்திலிருந்து கொலைகளை எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தை விட்டுவிட்டார்கள். மாணவன் குருவிடம் எப்போதும் சுலபமானதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறான். இது நம் தொழிலில் நாம் தினமும் காணும் உண்மை.

பழமொழி மறைக்கும் விஷயத்துக்கு இப்போது வந்துவிட்டோம். 'லீஸாவும் பிசாசும்' என்ற படத்தைப் பாவா தம் மனம் போல் எடுத்தார். கனவு போன்ற படம், முதலாளி குறுக்கிடவில்லை. 1973-ல் கான் பட்டணத்துச் சந்தையில் காட்டினார்கள். வாங்க ஆள் இல்லை. அதே வருஷக் கடைசியில், பேயோட்டும் பாதிரியைப் பற்றிய அமெரிக்கப் படம் ஒன்று வசூலில் வெற்றிக் கொடி நாட்டிற்று. உடனே முதலாளி என்ன செய்தார்? பாவாவின் படத்தை வெட்டி, நடுநடுவே பேயோட்டும் காட்சிகளைப் புதிதாக எடுத்துச் செருகி, 'பேயோட்டும் வீடு' என்று வேறு பெயர் கொடுத்து 1975-ல் வெளியிட்டார். டைரக்டர் பெயர் 'மிக்கி லயன்' என்று போட்டது. அப்படி ஒரு மனிதன் உலகத்தில் இல்லை.

அடுத்தது இன்னும் கொடுமை. 1974-ல் 'வெறிநாய்கள்' என்று ஒரு படம். பேய் இல்லை, புகை இல்லை, கண்ணாடி இல்லை. கொள்ளைக்காரர் சிலர், பிடித்து வைத்த மனிதர்களுடன் வேனிற்கால வெயிலில் ஒரு மோட்டார் காரில் போகிறார்கள். ஏறக்குறைய படம் முழுவதும் அந்தக் காருக்குள்ளேயே நடக்கிறது. தந்திரம் எதுவும் இல்லாமலும் தம்மால் எடுக்க முடியும் என்று அறுபது வயதில் காட்ட வந்தார். முடியும் தறுவாயில் படக் கம்பெனி திவாலாயிற்று. கோர்ட்டார் பிலிமை ஜப்தி செய்துவிட்டார்கள். 1990-களில்தான், அதில் நடித்த ஒரு நடிகையின் விடாமுயற்சியால், அது வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் எடுத்தவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதந்தான். ஆனால் புல்லைக் கொண்டே ஜயித்துவிடுகிறான் என்பது தெரிந்ததும், அவனுக்கு வாள் கொடுக்க எவரும் முன்வருவதில்லை. 'இரண்டு பாறை போதுமே அவனுக்கு!' என்று சொல்லி மூன்றாவது பாறையை மறுத்துவிடுகிறார்கள். பாவா தம்மைக் கலைஞர் என்று ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை. கைவினைக்காரன் என்றே சொல்லிக்கொண்டார். தம் படங்களைத் தாமே பரிகாசம் செய்தார். அடக்கம் உயர்ந்த குணம் என்று பிள்ளைகளுக்குத் தினமும் போதிக்கிறோம். ஆனால் அடக்கமுள்ளவன் சொல்கிற விலையையே உலகம் அவனுக்கு மதிப்பாக வைத்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? தன்னைத் தானே தாழ்த்திக்கொள்கிறவனுடைய வேலையை வெட்டுகிறவன் கை நடுங்குவதில்லை. கைவினைக்காரன் என்பது தாழ்ந்த பெயர் அல்ல. அதைத் தாழ்ந்த பெயராக்கியது, வேலையைப் பார்க்காமல் விலையைப் பார்க்கும் நம் பார்வைதான்.

கடைசிக் காலத்திலும் அவர் கை ஓயவில்லை. 1977-ல், மகன் லாம்பர்ட்டோவின் உதவியுடன் எடுத்த 'ஷாக்' படத்தில் ஒரு காட்சி: சிறுவன் தாயை நோக்கி ஓடி வருகிறான், அருகில் வந்ததும், அவன் இருந்த இடத்தில் இறந்துபோன தகப்பன் எழும்புகிறான். வெட்டு இல்லை. பையன் காமிராவுக்குக் கீழே குனிகிறான், அங்கே ஒளிந்திருந்த நடிகர் நிமிர்கிறார், அவ்வளவுதான்! செலவு காலணாவும் இல்லை. 1980-ல் வெளியான டாரியோ அர்ஜென்டோவின் 'இன்பெர்னோ' படத்துக்குத் தந்திரக் காட்சிகள் செய்து கொடுத்தார். தகப்பனாருக்கு உதவியாளாக ஆரம்பித்தவர், தம் பிள்ளை வயதுள்ள டைரக்டருக்கு உதவியாளாக முடித்தார். அந்த வருஷம் ஏப்ரல் மாதத்தில் ரோமாபுரியில், அறுபத்தைந்தாவது வயதில், மாரடைப்பினால் காலமானார். சில தினங்களுக்குள் ஆல்பிரட் ஹிட்ச்காக்கும் காலமானார். உலகத்துப் பத்திரிகைகள் எந்த மரணத்துக்கு முதல் பக்கத்தைக் கொடுத்தன என்று சொல்லத் தேவையில்லை.

காலம் தாமதித்தாவது கணக்கைச் சரி செய்யும். மார்ட்டின் ஸ்கார்ஸேஸி போன்ற பெரிய டைரக்டர்கள் பாவாவைப் புகழ்ந்து பேசினார்கள். வெட்டப்பட்ட படங்கள் பழைய உருவத்தில் மறுபடியும் கிடைத்தன. டிம் லூகஸ் என்ற அமெரிக்கர் பல்லாண்டுகள் உழைத்து, 2007-ல் அவரைப் பற்றித் தலையணை போன்ற பெரும் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். எல்லாம் சரிதான். ஆனால், சம்பளம் இல்லாமல் கால்காட்டா மலையில் வேலை செய்தார்களே, அவர்கள் அவருக்கு உயிருடன் இருக்கும்போதே மரியாதை செய்தார்கள். புத்தகத்தைவிட அதுதான் பெரிது என்பது நம் அபிப்பிராயம்.

நாடகம் என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். பையன்கள் பழைய வேஷ்டி ஒன்றைத் திரையாகக் கட்டினார்கள். தகர டப்பாவுக்குள் விளக்கை வைத்து, மிட்டாய் சுற்றி வரும் சிவப்புக் காகிதத்தையும் நீலக் காகிதத்தையும் முன்னால் நகர்த்தினார்கள். கதாநாயகன் முகத்தில் சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தார்கள். வெளிச்சம் நீலமானதும் முன் வரிசையில் இருந்த சிறுவர்கள் அலறிய அலறலில் தலைமை ஆசிரியரே எழுந்து நின்றுவிட்டார். காரியம் பலித்துவிட்டது.

மறுநாள் தலைமை ஆசிரியர் நம்மைக் கூப்பிட்டு, "பேஷ்! பணமே இல்லாமல் என்ன அருமையாகச் செய்துவிட்டார்கள்! அடுத்த வருஷம் நாடகத்துக்குத் தொகையை இன்னும் கொஞ்சம் குறைத்துவிடலாம் போலிருக்கிறதே!" என்றார்.

நாம் பாவாவின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்து, அவருக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. இந்தத் தடவை பழமொழியைச் சொல்லவில்லை; மூன்றாவது பாறையைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொன்னோம். தொகை குறையவில்லை.